கனநீரைத் தொட்ட கை

இந்தப் பிரபஞ்சத்தில் முழுமையான சுவர் என்று ஒன்று இல்லை. ஏறிக் கடக்க வலுவில்லாத சிறு துகளும் ஏதோ ஒரு கணத்தில் எதிரே நிற்கும் தடையை ஊடுருவி மறுபக்கம் போய்ச் சேர்ந்துவிடும். இயற்கையின் முன்னால் எல்லாக் கதவுகளும் திறந்தவையே.

இந்த வாசகம் ஆய்வுக்கூடத்தின் மூன்றாம் மாடியில், பன்னிரண்டாம் அறைக் கதவில், பித்தளைத் தகட்டில் பொறித்து மாட்டப்பட்டிருந்தது. அதற்குக் கீழே இரண்டு பூட்டுகள் தொங்கின. மூன்றாவது பூட்டுக்கு ஸ்டோரில் சீட்டு எழுதிக் கொடுத்து ஐந்து நாளாகியிருந்தது.

அந்த அறைக்குரியவரை எல்லோரும் முகத்துக்கு நேரே 'சார்' என்றும் முதுகுக்குப் பின்னால் 'டன்னல் சார்' என்றும் அழைத்தார்கள். கொஞ்சம் மரியாதை மிச்சமிருந்தவர்கள் டன்னலார் என்றார்கள். இருபத்தொன்பது வருட உத்தியோகத்தில் அவர் துணை ஆய்வாளர், துணை முதுநிலை ஆய்வாளர், துணைப் பிரிவுத் தலைவர் என்று படிப்படியாக உயர்ந்திருந்தார். பதவிகள் மாறின, 'துணை' மட்டும் போகவில்லை. ஓய்வுபெற இன்னும் எட்டு மாதம். அதற்குள் அந்த ஒரு சொல்லை உதிர்த்துவிட வேண்டும் என்பதுதான் அவருடைய ஆசை. வியாழக்கிழமை ஒரு குழு வருகிறது. குழு திருப்தியடைந்தால் 'குவாண்டம் மின்வேதியியல் பிரிவு' என்று புதிதாக ஒன்று தொடங்குவார்கள். அதற்கு அவரே தலைவர், துணை இல்லாத வெறும் தலைவர். திருப்தியடையாவிட்டால் இதே அறையிலிருந்து, இதே துணையோடு, ஒரு மாலையை வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போக வேண்டியதுதான்.

அவர் நம்பிக்கையோடுதான் இருந்தார். தலைவருக்குரிய நாற்காலியை முன்கூட்டியே வாங்கிப் போட்டிருந்தார். கறுப்பு ரெக்ஸின், உயர்ந்த முதுகு, ஒரு பூனையை உள்ளே மறைத்து வைக்கக்கூடிய தடிமனில் பஞ்சு. மூன்று வாரமாகப் பகல் முழுவதும் அதிலேயே உட்கார்ந்து பழகிக்கொண்டிருந்தார். அது வெயில் காலம், அறையில் மின்விசிறி ஒன்றுதான். ரெக்ஸினுக்கு வியர்வையை உறிஞ்சும் பழக்கம் கிடையாது.

அவருடைய கண்டுபிடிப்பு இதுதான். அமிலம் கலந்த தண்ணீரில் பிளாட்டினக் கம்பியை முக்கி மின்சாரம் கொடுத்தால் கம்பியில் ஹைட்ரஜன் குமிழி கிளம்பும். அப்படிக் கிளம்புவதற்கு முன் ஒவ்வொரு ஹைட்ரஜனும் ஆற்றல் மேடு ஒன்றைத் தாண்டியாக வேண்டும். தண்ணீருக்குப் பதிலாகக் கனநீரை ஊற்றினாலும் கதை அதேதான். ஆனால் கனநீரில் இருக்கும் ஹைட்ரஜனுக்கு எடை இரண்டு மடங்கு, டியூட்டீரியம் என்று தனிப் பெயர். மேடு ஏறுவதென்றால் இந்தத் தடியன் ஒல்லியானவனைவிட மூன்று நான்கு மடங்கு பின்தங்குவான். அது எங்கும் உள்ளது, யாரும் ஆச்சரியப்படுவதில்லை. ஆனால் மேடே ஏறாமல் அதற்குள் புகுந்து அந்தப் பக்கம் போய் நிற்கும் கள்ள வழி ஒன்று இருக்கிறது. குவாண்டம் டன்னலிங், அதாவது சுரங்கவழி, என்று அதற்குப் பெயர். அந்த வழி ஒல்லியானவனுக்குத்தான் தோதுப்படும், தடியன் பெரும்பாலும் வாசலிலேயே நின்றுவிடுவான். ஆகவே இரண்டு நீரிலும் மின்னோட்டத்தை அளந்து, ஒன்றை மற்றதால் வகுத்து, விடை மூன்று நான்கு என்றால் எல்லோரும் ஒழுங்காக மேடேறிப் போகிறார்கள் என்று பொருள். விடை இருபது முப்பது என்றால் உள்ளே சுரங்கம் ஓடுகிறது.

டன்னலாருக்கு நாற்பத்து நான்கு வந்திருந்தது.

மேடேறாமல் மறுபக்கம் தோன்றுவதற்கு அந்தக் கட்டடத்திலேயே உயிருள்ள சான்று ஒன்றும் இருந்தது. ஸ்டோர்க்காரர், அதாவது டன்னலாருடைய மனைவியின் தம்பி. எழுத்துத் தேர்வு, நேர்முகம் என்று எந்த மேட்டிலும் ஏறியதாகப் பதிவில்லை. ஒருநாள் காலையில் ஸ்டோருக்கு உட்புறம் காணப்பட்டார்.

திங்கட்கிழமை காலையில் அந்த ஸ்டோர்க்காரரைத்தான் டன்னலார் மேலே கூப்பிட்டு அனுப்பினார்.

"என்ன மச்சான், சனிக்கிழமை சாயங்காலம் இந்தப் பக்கம் வந்தியா?"

"வந்தேன் மாமா. மூணாவது பூட்டுக்கு அளவெடுக்க."

"கனநீர் அலமாரியத் தொட்டியா?"

"தொடாம எப்படி மாமா அளவெடுக்கிறது?"

"முடி எங்க?"

ஸ்டோர்க்காரர் மரியாதையோடு அவருடைய தலையைப் பார்த்தார். "அது போயி பத்து வருஷமாச்சே மாமா."

டன்னலார் பல்லைக் கடித்தார். அலமாரியின் இரண்டு கதவுகளுக்கும் குறுக்கே தினமும் மாலையில் அவர் ஒரு தலைமுடியைப் பசை வைத்து ஒட்டிவிட்டுப் போவார். யாராவது திறந்தால் அறுந்துவிடும். தலையில் மிச்சமிருந்ததிலிருந்து இப்படி நாளுக்கு ஒன்றாக எடுத்துக் கொடுப்பதற்கு விஞ்ஞானத்தின்மேல் எவ்வளவு பற்று வேண்டும் என்பது அனுபவித்தவர்களுக்குத்தான் தெரியும்.

"ஒட்டின முடியக் காணோம்னு கேக்கிறேன்."

"ஓ, அதுவா! தூசின்னு நெனச்சு ஊதிட்டேன் மாமா."

"ஊதிட்டியா, இல்ல தொறந்தியா?"

"தொறந்து நான் என்ன மாமா பண்ணப்போறேன்? குடிக்கவா முடியும்?"

"குடிக்க முடியாதுன்னு உனக்கு எப்படித் தெரியும்?"

ஸ்டோர்க்காரர் அலமாரியைத் திரும்பிப் பார்த்தார். "குடிச்சுப் பாக்கட்டுமா மாமா?"

"வெளிய போ."

மச்சானை அவர் முழுக்கச் சந்தேகப்படவில்லை. பாதிதான். மச்சானுக்குத் திருடும் அளவுக்குச் சுறுசுறுப்பு கிடையாது என்பது குடும்பத்துக்கே தெரிந்த விஷயம். மீதிப் பாதியையும், அதற்குமேல் கையிருப்பில் இருந்த சந்தேகம் முழுவதையும், அவர் வைத்திருந்தது மறுபடியம்மாவின் மேல்.

மறுபடியம்மா அதே அறையில் மின்னளவை பார்க்கும் ஆய்வாளர். முப்பத்தைந்து வயதிருக்கும். எந்த முடிவைக் காட்டினாலும், "மறுபடி ஒருதடவ பாத்துடலாமா சார்?" என்பார். அதிலிருந்து வந்த பெயர். காலையில் வந்ததும் பிளாட்டினக் கம்பியைச் சுடரில் காட்டி, சிவக்கச் சிவக்கப் பழுக்கவைத்து, கண்ணாடிக் கலத்தை அமிலத்தில் கொதிக்கவைத்து, பத்துத் தடவை அலசி, சாதாரண நீரில் மின்னோட்டம் அளப்பார். அளந்ததை மறுபடி அளப்பார். இவ்வளவும் கையுறை போட்டுக்கொண்டு.

அந்தக் கையுறைதான் டன்னலாருக்கு உறுத்தியது. குற்றம் செய்பவர்கள் எதற்காகக் கையுறை போடுகிறார்கள் என்பது உலகமறிந்தது. அவர் போடுவதே இல்லை. என் கையில் மறைப்பதற்கு ஒன்றுமில்லை என்பது அவர் கட்சி. போட்டால் வியர்த்து அரிக்கிறது என்பதும் ஒரு காரணம், ஆனால் அதை அவர் வெளியே சொன்னதில்லை.

மறுபடியம்மா ஒருமுறை இதைப் பற்றிப் பேச்செடுத்தார்.

"சார், கம்பிய எடுக்கிறப்போ கையுறை போட்டுக்கலாமே."

"ஏன், என் கை அழுக்கா?"

"ஐயோ, அப்படிச் சொல்லல சார்."

"பின்ன?"

"பிளாட்டினத்துக்கு எல்லாக் கையுமே அழுக்குதான் சார்."

அதை அவர் மறக்கவில்லை. மறுநாளே ஒரு விதி அச்சாகி அலமாரியில் ஒட்டப்பட்டது: 'கனநீரைத் தொடும் உரிமை துணைப் பிரிவுத் தலைவர் ஒருவருக்கே.' அன்றிலிருந்து காலையில் மறுபடியம்மா சாதாரண நீரை அளந்து முடித்து, கம்பியை ஒப்படைத்துவிட்டு வெளியே போய்விட வேண்டும். மதியம் டன்னலார் கதவை உள்தாழ்ப்பாள் போட்டு, அலமாரியைத் திறந்து, கனநீரைத் தானே ஊற்றி, கம்பியைத் தானே இரண்டு விரலால் நீவி நேராக்கி, கலத்துக்குள் தானே இறக்கி அளப்பார். கனநீர் அருமையான சரக்கு. அதன் முன்னால் நம்பத் தகுந்த மனிதர் உலகத்தில் ஒருவர்தான் உண்டு. அவர் அந்த அறைக்குள்ளேயே, கறுப்பு நாற்காலியில், உட்கார்ந்திருந்தது அதிர்ஷ்டம்.

விதி வந்த பிறகுதான் கண்டுபிடிப்பு சூடு பிடித்தது. அதற்கு முன் பல மாதங்களாக விடை மூன்று, மூன்றரை என்று சோர்ந்து கிடந்தது. விதி வந்த முதல் வாரம் ஒன்பது. அடுத்த வாரம் பதினெட்டு, முப்பத்தொன்று. பிறகு நாற்பத்து நான்கு. கை மாறியதும் ஹைட்ரஜன் தன் ரகசியத்தைத் திறந்துவிட்டது என்று டன்னலார் வீட்டில் சொன்னார். மனைவி, "சரிங்க, மருந்து தடவினீங்களா?" என்று கேட்டார்.

ஒரே ஒரு நாள் மட்டும் இடறியது. போன வாரச் செவ்வாய்க்கிழமை. அன்று விடை ஐந்துக்கு இறங்கிவிட்டது. டன்னலாருக்கு அன்று காலையிலிருந்தே மனது சரியில்லை. வீட்டில் அவருக்கு அவசியமான ஒரு பொருள் முந்தைய இரவோடு தீர்ந்துபோயிருந்தது, வாங்கிவைக்க யாருக்கும் தோன்றவில்லை. அது குடும்ப விஷயம். ஆனால் கனநீர் ஐந்துக்கு இறங்கியது நாட்டின் விஷயம். கனநீரில் யாரோ சாதாரணத் தண்ணீரைக் கலந்திருக்கிறார்கள், ஒல்லியானவர்கள் உள்ளே புகுந்து தடியன்களின் கணக்கை ஏற்றிவிட்டார்கள் என்று அவர் முடிவுகட்டினார். புதன்கிழமை மறுபடி முப்பத்தொன்பது வந்தது. கலந்தவர் பயந்து நிறுத்திக்கொண்டார் என்று அதற்கும் பொருள் கண்டார். அன்றுதான் மூன்றாவது பூட்டுக்குச் சீட்டு போனது.

கலந்த தண்ணீர் ஒரே நாளில் எப்படித் தானாகப் பிரிந்து வெளியே போயிற்று என்று மறுபடியம்மா கேட்டிருக்கலாம். அவரிடம் இந்தச் சந்தேகத்தை யாரும் சொல்லவில்லை.

வியாழக்கிழமை காலை பத்து மணிக்குக் குழு வந்தது, மூன்று பேர். குழுத்தலைவி எதையும் ஒரே வார்த்தையில் முடிக்கும் பழக்கமுடையவர். அவருக்குப் பக்கத்தில் ஒரு வேதியியல்காரர். முப்பது வருடம் ரசாயன ஆலைகளில் கசிவு கண்டுபிடித்தவர், எந்தப் புட்டியையும் திறக்காமலே உள்ளே என்ன இருக்கிறது என்று சொல்வார், அதனால் மூக்கர் என்று பெயர். மூன்றாவது, குழுவின் எழுத்தர். கையில் இருபத்திரண்டு கேள்விகள் அடங்கிய படிவம்.

டன்னலார் கோட்டு அணிந்திருந்தார். அறையின் ஒரே மின்விசிறியைக் குழுவின் பக்கம் திருப்பிவிட்டு அரைமணி நேரம் உரையாற்றினார். கதவிலிருந்த வாசகத்தை இரண்டு முறை சொன்னார். இடையிடையே கோட்டின் பின்பக்கம் கையை விட்டு, பெல்ட்டைச் சரிசெய்வதுபோல் ஏதோ சரிசெய்துகொண்டார்.

பிறகு செய்முறை. மறுபடியம்மா வழக்கம்போல் கம்பியைப் பழுக்கவைத்து, சாதாரண நீரில் அளந்தார். மின்னோட்டம் நாற்பது. கம்பியை ஒப்படைத்துவிட்டுத் தள்ளி நின்றார். டன்னலார் பூட்டுகளைத் திறந்தார். முடி இருந்தது, அறுபடவில்லை. கனநீரை ஊற்றி அமிலம் சேர்த்தார், பெல்ட்டைச் சரிசெய்தார், கம்பியை இரண்டு விரலால் அன்போடு நீவினார், இறக்கினார். மின்னோட்டம் ஒன்றைக்கூடத் தொடவில்லை. சைபர் புள்ளி ஒன்பது.

"வகுத்தா நாப்பத்து நாலு மேடம்" என்றார் டன்னலார். "மேடு ஏறல. உள்ள பூந்து போகுது."

"பிரமாதம்" என்றார் குழுத்தலைவி.

எழுத்தர் படிவத்தில் பதினாறு வரை மளமளவென்று நிரப்பினார். டன்னலாருடைய மனக்கண்ணில் அவருடைய பெயர்ப்பலகையிலிருந்து 'துணை' என்ற இரண்டெழுத்து கழன்று விழுந்தது. அந்த நேரம் பார்த்துப் பின்னாலிருந்து ஒரு குரல்.

"மறுபடி ஒருதடவ பாத்துடலாமா சார்?"

மறுபடியம்மாவுக்கே தன் வாயிலிருந்து அது வந்ததில் கொஞ்சம் திகைப்பு. ஆனாலும் தொடர்ந்தார். "தண்ணிய நான் பாக்கிறேன், கனநீர சார் பாக்கிறார். கை மாத்திப் பாத்தா என்னன்னு தோணுது மேடம்."

"நியாயம்" என்றார் குழுத்தலைவி.

டன்னலாருக்கு எல்லாம் ஒரு நொடியில் விளங்கிவிட்டது. இத்தனை நாள் அலமாரியைத் திறக்க முடியாதவள், இன்று குழுவையே சாவியாக்கிக்கொண்டு திறக்கிறாள். கனநீர் கைக்கு வந்ததும் ஒரு சொட்டு, இரண்டு சொட்டுத் தண்ணீர் கலந்துவிடுவாள். விடை சரியும், பிரிவு போகும். எல்லோர் முன்னாலும் கையும் களவுமாகப் பிடிக்க இதைவிட நல்ல சந்தர்ப்பம் வராது.

"செய்யட்டும்" என்றார். "ஆனா ஒரு நிபந்தனை. கனநீரு தண்ணியவிடப் பத்துல ஒரு பங்கு கூடுதல் கனம். கலப்படம் பண்ணினா எடை காட்டிக் குடுத்துடும். அவங்க தொடறதுக்கு முன்னாடி புட்டியிலருந்து பத்து மில்லி எடுத்து எடை போடுவோம். தொட்ட பின்னாடியும் போடுவோம்."

"சார், கலப்படம்னு எதுக்குச் சொல்றீங்க?" மறுபடியம்மாவின் முகம் சிவந்துவிட்டது.

"நான் யாரையும் சொல்லலம்மா. பொதுவாச் சொன்னேன்."

"இந்த ரூமுக்குள்ள இப்பக் கனநீரத் தொடப்போற ஆள் நான் ஒருத்திதான் சார். பொதுவாச் சொன்னா அது எனக்குத்தான் வந்து சேரும்."

"எடை போட்டா ரெண்டு பேருக்கும் நல்லதுதானே" என்று மூக்கர் சமாதானம் செய்தார்.

ஸ்டோரிலிருந்து நுண்தராசு வரவழைக்கப்பட்டது. ஸ்டோர்க்காரர் அதைக் குழந்தையைப்போல் ஏந்திக்கொண்டு வந்து வைத்தார், வேடிக்கை பார்க்க அங்கேயே நின்றுகொண்டார். பத்து மில்லி கனநீர், பதினோரு கிராமுக்குக் கொஞ்சம் மேல். சுத்தமான சரக்கு. எழுத்தர் குறித்துக்கொண்டார்.

மறுபடியம்மா புதுக் கையுறை மாட்டினார். கலத்தைக் கழுவினார். கம்பியைச் சுடரில் வைத்துப் பழுக்கவைத்தார். விதி வந்த பிறகு முதன்முதலாகக் கனநீரைத் தொட்டு ஊற்றினார். டன்னலார் அவருடைய ஒவ்வொரு விரலுக்கும் ஒரு கண் வீதம் ஒதுக்க முயன்று, கண் போதாமல், மச்சானைப் பார்த்து, "இடது கையப் பாத்துக்கோ" என்று கிசுகிசுத்தார். மச்சான் தன்னுடைய இடது கையைப் பார்த்துக்கொண்டார்.

மின்னோட்டம் பன்னிரண்டு.

"வகுத்தா மூணு சொச்சம்" என்றார் மறுபடியம்மா.

"பாத்தீங்களா!" டன்னலார் மேசையைத் தட்டினார். "பாத்தீங்களா மேடம்! நாப்பத்து நாலு இவங்க கை பட்டதும் மூணாயிடுச்சு. எடை போடுங்க. இப்பவே போடுங்க."

போட்டார்கள். பத்து மில்லி, பதினோரு கிராமுக்குக் கொஞ்சம் மேல். ஒரு சொட்டுகூடக் கலக்கவில்லை. மூக்கர் தானே இன்னொரு முறை போட்டுப் பார்த்தார். அதுவே வந்தது.

"தராசு யார் கொண்டுவந்தது?" என்றார் டன்னலார்.

"நான்தான் மாமா."

"எனக்குத் தெரியும்."

"என்ன மாமா தெரியும்?"

குழுத்தலைவி தொண்டையைச் செருமினார். "இன்னும் பாதி பாக்கி இருக்கு சார். நீங்க தண்ணிய அளங்க."

டன்னலார் அளக்க வந்தார். இது அவருக்கு ஒரு பொருட்டே இல்லை. சாதாரண நீர், யார் அளந்தாலும் நாற்பது வரும் நீர். மறுபடியம்மா பழுக்கவைத்துக் கொடுத்த கம்பியை வாங்கினார். கோபத்தில் அவருக்கு வியர்த்திருந்தது. பெல்ட்டைச் சற்று நேரமெடுத்தே சரிசெய்தார். கம்பியை நீவினார், இறக்கினார், திரையைப் பார்த்தார்.

மின்னோட்டம் மூன்று.

எழுத்தருடைய பேனா நின்றது. டன்னலார் இணைப்பைப் பார்த்தார், ஆணியைத் திருகினார், கலத்தை ஒரு தட்டுத் தட்டினார். மூன்று. நாற்பது வர வேண்டிய இடத்தில் மூன்று.

மறுபடியம்மா குறிப்பேட்டில் கணக்குப் போட்டார். போட்டதை மறுபடி போட்டார். பிறகு தாழ்ந்த குரலில் சொன்னார். "சார், என் கையில தண்ணி நாப்பது, கனநீர் பன்னெண்டு. வகுத்தா மூணு சொச்சம். உங்க கையில தண்ணி மூணு, கனநீர் சைபர் புள்ளி ஒம்பது. வகுத்தா மூணு சொச்சம். ஹைட்ரஜன் ரெண்டு பேர்கிட்டயும் ஒரே மாதிரிதான் சார் நடந்துக்குது. கம்பிதான் உங்க கை பட்டதும் பதிமூணு மடங்கு படுத்துடுது. இதுவரைக்கும் என் தண்ணிய உங்க கனநீரால வகுத்திருக்கோம்."

"அப்ப சுரங்கம்?" என்று கேட்டவர் ஸ்டோர்க்காரர்.

மூக்கர் எழுந்துவிட்டார். "மேடம், உள்ள வந்ததிலருந்து சொல்லணும்னு இருந்தேன். இங்க கந்தகம் வாடை வருது."

"கந்தகமா?" டன்னலார் உயிர் வந்தவர்போல் நிமிர்ந்தார். "எனக்கும் ரொம்ப நாளா சந்தேகம். யாரோ இந்த ரூமுக்குள்ள என்னமோ வெக்கிறாங்க. அந்தத் தொட்டிக்கடியில பாருங்க. அவங்க பையில பாருங்க."

மூக்கர் கழுவுதொட்டியை மோந்தார். அங்கில்லை. வாயு உருளைக்குப் போனார். அங்குமில்லை. மறுபடியம்மா கேட்பதற்கு முன்பே தன் பையைத் திறந்து நீட்டினார், அதில் சாப்பாட்டு டப்பாவும் குடையும் இருந்தன. மூக்கர் மேசையோரமாகவே, கண்ணை மூடிக்கொண்டு, ஒவ்வொரு அடியாக நகர்ந்தார். கறுப்பு நாற்காலியருகில் கொஞ்சம் தாமதித்தார். பிறகு கண்ணைத் திறந்தபோது அவருடைய மூக்கு டன்னலாருடைய வலது கைக்கு ஒரு சாண் தூரத்தில் இருந்தது.

"சார், கைய நீட்டறீங்களா?"

"எதுக்கு?"

"சும்மாத்தான்."

டன்னலார் கையைக் கோட்டுப் பைக்குள் விட்டுக்கொண்டார். அந்த இடத்தில் குடும்பப் பாசம் குறுக்கே புகுந்தது.

"மாமா, அக்கா வாங்கிக் குடுத்த அந்த மஞ்சக் களிம்பா இருக்குமோ?"

"வாய மூடு."

"இல்ல மாமா, போன வாரம் செவ்வாக்கிழமை தீந்துபோச்சுன்னு அக்கா என்னைத்தான கடைக்கு அனுப்பிச்சு. டப்பாவிலயே போட்டிருக்கே, கந்தகம் பத்து சதவீதம்னு. ஒரு நாளைக்கு மூணு வேளை தடவச் சொன்னாங்க. நீங்க அதிகமாத் தடவறீங்கன்னு அக்கா சொல்லிச்சு."

மறுபடியம்மா குறிப்பேட்டைப் புரட்டினார். செவ்வாய்க்கிழமைப் பக்கத்தில் விரலை வைத்தார். ஐந்து. அந்தப் பக்கத்தை யாருக்கும் காட்டாமல் மூடிவைத்தார். "கந்தகம் பிளாட்டினத்துக்கு விஷம் சார்" என்று மட்டும் சொன்னார். "துளி போதும். கம்பி மேல உக்காந்துட்டா ஹைட்ரஜனுக்கு எடம் விடாது. சுட்டாத்தான் போகும்."

டன்னலார் ஒரு கணம் எல்லோரையும் வரிசையாகப் பார்த்தார். களிம்பை வாங்கியவன் மச்சான். தடவச் சொன்னவள் மனைவி. எழுதிக் கொடுத்தவர் தோல் மருத்துவர், அவர் இந்தப் பக்கத்துக்குப் புதியவர், எங்கிருந்து வந்தார் என்று யாருக்கும் தெரியாது. இவ்வளவு பேர் சேர்ந்து இவ்வளவு நேர்த்தியாக ஒரு சதி செய்ய முடியுமா? முடியும் என்றுதான் அவருக்குத் தோன்றியது. ஆனால் அந்தச் சதியில் தினமும் மூன்று வேளை தானே பங்கெடுத்ததை எப்படி விளக்குவது என்பது மட்டும் பிடிபடவில்லை.

குழுத்தலைவி எழுந்தார். "புதுப் பிரிவு பத்தி இப்போதைக்குப் பேச வேண்டாம் சார். அளவைகள இந்தம்மா ஆரம்பத்திலருந்து எடுக்கட்டும். மூணு சொச்சம்னாலும் அது ஒழுங்கான மூணு சொச்சம். கனநீர் சாவிய அவங்ககிட்டயே குடுத்துடுங்க."

இவ்வளவு நீளமாக அவர் பேசி அன்றுதான் மற்ற இருவரும் கேட்டார்கள். மூக்கரும் அவரும் வெளியே போனார்கள். மறுபடியம்மா சாவிக்காகக் கையை நீட்டினார், முதலில் கையுறையைக் கழற்றிவிட்டு. பிறகு என்ன நினைத்தாரோ, மறுபடி மாட்டிக்கொண்டார்.

எழுத்தர் மட்டும் போகவில்லை. படிவத்தை மேசைமேல் விரித்து டன்னலாருக்கு எதிரே உட்கார்ந்தார்.

"பதினேழாவது கேள்வி சார். 'அளவைப் பிழைக்குக் காரணம்.' கந்தகம்னு போட்டுட்டேன். பதினெட்டாவது, 'மாசு கலத்துக்குள் வந்த வழி.' விரல்னு போட்டுட்டேன். பத்தொம்பது மட்டும் காலியா இருக்கு. 'மாசு விரலுக்கு எங்கிருந்து வந்தது?'"

"களிம்புன்னு போடுங்க."

"களிம்பு என்ன பொருள்ங்கிறதுக்குப் பதில் சார். எந்த இடத்திலருந்துன்னு கேக்கிறாங்க."

"விட்டுடுங்க."

"காலியா விட்டா படிவம் உங்களுக்கே திரும்பி வரும். எல்லா மேசையும் சுத்திட்டு வரும்."

"உடம்புன்னு போடுங்க."

"உடம்புல எங்க சார்?"

கதவோரம் ஸ்டோர்க்காரர் மூன்றாவது பூட்டைக் கையில் வைத்துக்கொண்டு நின்றார். சொல்லட்டுமா என்பதுபோல் வாயைத் திறந்தார். டன்னலார் முந்திக்கொண்டார்.

"இடுப்பு."

எழுத்தர் 'இடுப்பு' என்று எழுதி, கையெழுத்து வாங்கிக்கொண்டு கிளம்பினார்.

களிம்பு தடவிய அரிப்புப் படை இடுப்பில் இல்லை. இடுப்புக்கு நான்கு அங்குலம் கீழே, பின்பக்கம் இருந்தது.